ஒரு மைல் தூரத்துக் காப்பி

அறுபதுகளின் ஆரம்பம். விருதுநகரில் ரயில் தண்டவாளத்தைத் தாண்டி, சிவகாசி போகிற திசையில் புதிதாகப் பத்துப் பன்னிரண்டு வீடுகள் எழும்பியிருந்தன. அதில் ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவரோடு ஊர் முடிந்து, கரிசல் காடு தொடங்கிவிடும். அங்கிருந்து ஒரு வண்டிப்பாதை பனைமரங்களுக்கு நடுவே நெளிந்து நெளிந்து ஆமத்தூர் ரோட்டில் போய்ச் சேரும். அந்தப் பாதையில்தான், ஒரு கோடை விடுமுறையில், நான் மூக்கு உடைபட்ட கதையும் என் வீட்டுக்காரர் ஜெயித்த கதையும் சேர்ந்தே நடந்தன.

நான் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். என் வீட்டுக்காரர் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். விளையாட்டு விழா ஒத்திகையில், பையன்களுக்கு உயரம் தாண்டக் காட்டிக் கொடுக்கிறேன் என்று நாற்பது வயதில் தாவினார். தாண்டிவிட்டார், அதில் சந்தேகமே இல்லை. இறங்கினதுதான் கோணலாகிவிட்டது. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, இரண்டு மாதம் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். கட்டைப் பிரித்தபோது டாக்டரம்மா காலைத் தட்டிப் பார்த்து, எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, இனி நடக்க வேண்டியதுதான் பாக்கி என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஆனால் அவர் நடக்கவில்லை. எழுந்து நின்றால் சுவரைப் பிடிப்பார், சுவர் இல்லாத இடத்தில் என் தோளைப் பிடிப்பார். வலி கொஞ்சம், பயம் நிறைய. எத்தனை நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா? ஒரு விசில் ஊதினால் அறுநூறு பையன்களை அசையாமல் நிற்க வைக்கிற மனுஷர், கொல்லைக்குப் போகவே அரை மணி நேரம் யோசித்தார். கம்பு ஊன்றிக்கொண்டு கடைத்தெருப் பக்கம் போகச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பழைய மாணவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாதாம்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் பள்ளித் தாளாளர் ஐயா ஒரு பிஸ்கட் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷர். சுற்றி வளைத்துச் சுற்றி வளைத்து, கடைசியில் விஷயத்துக்கு வந்தார். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிற அன்று பிள்ளைகள் எல்லாரும் வரிசையாக வேதக்கோயிலுக்கு நடந்து போவது வழக்கம். சரியாக ஒரு மைல். டிரில் மாஸ்டர்தான் முன்னால் நடக்க வேண்டும்.

"அன்னைக்கு நீங்க முன்னால நடந்து வந்துட்டீங்கன்னா எனக்கு ஒரு கவலையும் இல்லை, மாஸ்டர். முடியலைன்னா வேற ஆள் பார்க்கச் சொல்லிக் கமிட்டியில நெருக்குறாங்க. தப்பா நினைக்காதீங்க" என்றார்.

அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் அந்தப் பிஸ்கட்டைத் தொடவே இல்லை. சம்பளம் போகிறதே என்ற கவலை எனக்கு இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிட, அந்த மைதானத்தை எடுத்துவிட்டால் இந்த மனுஷரிடம் மிச்சம் என்ன இருக்கும் என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. இந்த விஷயம் வெளியே ஒரு ஈ காக்கைக்குத் தெரியக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். எனக்கும் அது சம்மதம்தான். ஆஸ்பத்திரியில் ஊருக்கெல்லாம் தைரியம் சொல்லுகிறவள் நான். என் வீட்டு நிலைமை சந்தி சிரிக்கலாமா?

அவரை நடக்க வைக்க என்னிடம் ஒரே ஒரு ஆயுதம்தான் இருந்தது. காப்பி.

அவருக்குக் காப்பி என்றால் உயிர். எழுந்ததும் ஒன்று, குளித்ததும் ஒன்று, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இரண்டு. எங்கள் கல்யாணப் பந்தியில் பாயசத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் காப்பி கேட்ட மாப்பிள்ளை அவர். கொட்டையை நானே வறுத்து, கை மிஷினில் அரைத்து வைப்பேன். அந்த வாசனை வந்தால் கூப்பிடாமலே அடுப்படிக்கு வந்து நிற்பார்.

எனக்கு வாரநாளெல்லாம் டியூட்டி. சனி, ஞாயிறுதான் கையில் இருந்தது. பிள்ளைகள் இரண்டு பேரையும் லீவுக்கு அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவரிடம் சட்டத்தைச் சொன்னேன். இனி சனி, ஞாயிறு இரண்டு நாளும் இந்த வீட்டில் அடுப்பில் காப்பி ஏறி உங்கள் கைக்கு வராது. பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு நான் முன்னால் போய் ஓரிடத்தில் நிற்பேன். தனியாக, என் தோளைப் பிடிக்காமல், கம்பை ஊன்றி நடந்து வந்தால் காப்பி உண்டு. திரும்பி வரும்போது மட்டும், சந்தைக்குக் காய்கறி கொண்டுவருகிற வண்டியில் ஏறிக்கொள்ளலாம்.

"நீ நர்ஸா, போலீஸா?" என்று கேட்டார்.

"ஜூன் வரைக்கும் போலீஸ்" என்றேன்.

முதல் சனிக்கிழமை, இரண்டு பர்லாங்கு, அதாவது கால் மைல் தூரத்தில் இருந்த சின்னப் பாலம்தான் எல்லை. விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம். நான் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்துகொண்டு பிளாஸ்கின் மூடியைத் திறந்து வைத்துவிட்டேன். காற்று அவர் பக்கமாக வீசியது, ஆண்டவர் என் கட்சி. முக்கால் மணி நேரம் ஆயிற்று அவர் வந்து சேர. வழியில் என்னைத் திட்டாத திட்டு இல்லை. ஆனால் வந்துவிட்டார். டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "சர்க்கரை பத்தலை" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சந்தோஷமாக வெளியே போய்வந்தது அந்தக் கோடையில்தான். மே மாத வெயிலைத் திட்டாதவர்கள் கிடையாது. ஆனால் காலை ஏழு மணி வரைக்கும் கரிசல் காட்டில் ஒரு குளிர்ச்சி இருக்கும், அது அங்கே போனவர்களுக்குத்தான் தெரியும். காய்ந்த பருத்திமார்க் குச்சிகளைப் பிடுங்கிப் போட்ட நிலம் வெடித்துக் கிடக்கும். உடை முள்மரத்துக்கு அடியிலிருந்து கௌதாரிகள் குடுகுடுவென்று ஓடும். பனையேறுகிறவர்கள் பதநீர்க் கலயத்தோடு இறங்குவார்கள். நான் நோயாளிகளின் கதையைச் சொல்லுவேன், அவர் பையன்களின் கதையைச் சொல்லுவார். வீட்டுக்குள் இருந்தால் உப்பு பத்தலை, புளி பத்தலை என்பதைத் தவிர என்ன பேசியிருப்போம்?

ஒரு தொந்தரவு இருந்தது. எங்கள் பக்கத்தில் யாரும் சும்மா நடக்க மாட்டார்கள். நடந்தால் வேலைக்குப் போக வேண்டும், இல்லை சாவு விழுந்த துஷ்டி வீட்டுக்குப் போக வேண்டும். எதிரே வருகிற ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லி மாளாது.

"எங்கன போறீக, நர்சம்மா?"

"சும்மா நடந்துட்டு வாரோம்."

"சும்மாவா? வீட்டுல ஏதும் சண்டையா?"

அந்தப் பாதையில் தினமும் எங்களைப் போலவே மேற்கே போகிறவர்கள் இரண்டு கூட்டம். தீப்பெட்டிக் கம்பெனிக்குத் தீக்குச்சி அடுக்கப் போகிற பெண்கள் பதினாலு பேர், தூக்குச்சட்டியும் கையுமாகப் போவார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி ஒரு வெற்றிலை அக்கா. அவள் வாய்க்குக் கம்பெனிக் கணக்கப்பிள்ளையே பயப்படுவார் என்று கேள்வி. இன்னொருவர் பெட்டி லோடு அடிக்கிற வண்டிக்காரர். வீட்டு வீடாகப் பெண்கள் ஒட்டி வைத்திருக்கிற காலித் தீப்பெட்டிகளைக் கோணியில் கட்டி, மாட்டுவண்டியில் மலைபோல ஏற்றிக்கொண்டு கம்பெனிக்குப் போவார். பார்க்கத்தான் மலை, வெறும் காகிதக் கனம்.

கால் ஒடிந்த மனுஷர் கம்பூன்றி நடக்கிறார், பெண்டாட்டிக்காரி கையில் பிளாஸ்கை வைத்துக்கொண்டு இரண்டு பர்லாங்கு முன்னால் விறுவிறுவென்று போகிறாள். இதைப் பார்த்தால் அவர்களுக்கு எப்படி இருக்கும்? இப்போது யோசித்தால் புரிகிறது. அப்போது எனக்குப் புரியவில்லை.

"ஏறுங்க சார், கொண்டுபோய் விடுதேன்" என்று வண்டிக்காரர் மாட்டைப் பிடித்து நிறுத்துவார். நான் முன்னாலிருந்து, ஏற்றக் கூடாது என்று கத்துவேன். "என்ன நர்சம்மா, உங்களுக்கு மனசா, கல்லா?" என்று வெற்றிலை அக்கா கேட்பாள். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொள்வேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. சத்தியம் ஒரு பக்கம். இவர்களுக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்கிற திமிர் இன்னொரு பக்கம்.

மூன்றாவது வாரம் பனைமரக் கூட்டம் வரைக்கும் வந்துவிட்டார், நாலு பர்லாங்கு. நாலாவது வாரம் எல்லையை ஆறு பர்லாங்குக்குத் தள்ளினேன். பாதை ஓடையை ஒட்டி ஒரு வளைவு வளையும், அதைத் தாண்டி ஒரு பம்புசெட்டு. அங்கே நின்றால் அவர் வருவது தெரியாது. வளைவில் திரும்பினால்தான் தெரியும். ஒரு மணி நேரமாவது ஆகும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரத்தில் வந்துவிட்டார்! நெற்றியெல்லாம் வேர்வை. வாயெல்லாம் பல். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஐந்தாவது வாரமும் அதே வேகம். மறுநாள் கோயில் வாசலில் தாளாளர் ஐயாவைப் பார்த்து, நானே வலியப் போய், "அவுக முக்கால் மைல் சர்வசாதாரணமா நடக்குறாக, நீங்க வேற ஆள் பார்க்க வேண்டாம் ஐயா" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அவரும் சந்தோஷப்பட்டு, கமிட்டியில் சொல்லிவிடுவதாகச் சொன்னார்.

இரண்டு விஷயம் எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். ஒன்று, நாலாவது வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை நடைக்கு வர மறுத்துவிட்டார். ஓய்வுநாளாம், காலுக்கும் ஓய்வு வேண்டுமாம். அவ்வளவு பக்தி அதற்கு முன்னால் அவரிடம் நான் பார்த்ததில்லை. இன்னொன்று, ஐந்தாவது சனிக்கிழமை டம்ளரில் பாதிக் காப்பியை மிச்சம் வைத்தார். காப்பியை மிச்சம் வைக்கிற ஆளா அவர்? அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். பெருமையில் கண் மறைத்துவிட்டது.

ஆறாவது சனிக்கிழமை, பள்ளிக்கூடம் திறக்க இன்னும் இரண்டே வாரம். பம்புசெட்டில் போய் நின்றவள், என்னவோ தோன்றி, திரும்பி நடந்து வளைவில் ஓர் உடைமரத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்று எட்டிப் பார்த்தேன்.

ஆண்டவரே! அந்தக் காட்சியை என்ன சொல்ல! பெட்டி லோடுக்கு மேலே, கோணிகளுக்கு நடுவே, ராஜா மாதிரி உட்கார்ந்து வருகிறார் என் வீட்டுக்காரர். கையில் டம்ளர். சுற்றிலும் பதினாலு பெண்களும் சிரித்துக்கொண்டு நடந்து வருகிறார்கள். வெற்றிலை அக்கா தன் தூக்குச்சட்டியிலிருந்து இரண்டாவது டம்ளர் கருப்பட்டிக் காப்பியை மேலே நீட்டுகிறாள். வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி நின்றது. நாலு பேர் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள். இறங்கினவர், வண்டிக்காரரின் தண்ணீர்க் கலயத்தில் கையை விட்டு நெற்றியிலும் கழுத்திலும் தெளித்துக்கொண்டார். வேர்வையாம்!

எனக்கு வந்ததே ஆத்திரம்! மரத்துக்குப் பின்னாலிருந்து பாய்ந்து வந்து, வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவரை மட்டுமில்லை, எல்லாரையும்தான். வயது பார்க்கவில்லை, மரியாதை பார்க்கவில்லை. என் குடியைக் கெடுக்க வந்தீர்களா என்று கேட்டேன். வண்டிக்காரர் பாவம், தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

வெற்றிலை அக்கா விடவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"ஏன் தாயி, நாங்க என்ன களவா எடுத்துட்டோம்? ஒரு நொண்டுற மனுசனுக்கு ஒரு வாய் காப்பி குடுத்தது குத்தமா? கட்டுன புருசனை நாய்க்குட்டி மாதிரி காப்பிய காட்டி இழுத்துட்டுப் போறீக. இதுல எங்களைக் குத்தம் சொல்ல வந்துட்டீக!"

அந்தச் சொல் நெஞ்சில் குத்தியது. புழுதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சத்தியமாவது, மானமாவது! தாளாளர் சொன்னது, இரண்டு வாரம், ஒரு மைல், நான் கோயில் வாசலில் கொடுத்த வாக்கு, எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டிவிட்டேன். அந்த வேலை போய்விட்டால் இந்த மனுஷர் உயிரோடிருந்தும் இல்லாதது மாதிரிதான், அதற்காகத்தான் இந்தப் பாடு என்று சொன்னேன்.

வெற்றிலை அக்காவின் கை இடுப்பிலிருந்து தானாக இறங்கிவிட்டது.

என் வீட்டுக்காரர் முகம் கறுத்துப்போயிற்று. "யாரைக் கேட்டு இதை இங்கன வந்து சொன்னே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். திரும்பினார். வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

நான் அழுதுகொண்டிருந்ததால் முதலில் கவனிக்கவில்லை. வண்டிக்காரர்தான் குனிந்து, என் காதுக்குக் கிட்ட வந்து கிசுகிசுத்தார்.

"தாயி, சாரோட கம்பு வண்டியில கெடக்கு."

நிமிர்ந்து பார்த்தேன். வெறும் கையை வீசிக்கொண்டு நடந்து போகிறார்! கால் கொஞ்சம் இழுக்கிறது, உடம்பு ஒரு பக்கம் சாய்கிறது. ஆனால் நடக்கிறார். கோபத்தில் கம்பையும் மறந்துவிட்டார், காலையும் மறந்துவிட்டார்.

கூட்டத்தில் ஒரு பெண், "ஆத்தீ, சாரு நடக்குறாரு!" என்று கத்தப் போனாள். நான் பாய்ந்து போய் அவள் வாயைப் பொத்தினேன். யாரும் மூச்சுவிடக் கூடாது, திரும்பிப் பார்த்தால் ஞாபகம் வந்துவிடும், ஞாபகம் வந்தால் விழுந்துவிடுவார் என்று சைகையிலேயே சொன்னேன்.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. முன்னால் அவர், ஐம்பது அடி தள்ளி நான், எனக்குப் பின்னால் சத்தமே இல்லாமல் பதினாலு பெண்கள், அவர்களுக்குப் பின்னால் மாட்டின் கழுத்து மணியைக் கையால் பொத்திக்கொண்டு வண்டிக்காரர், லோடுக்கு மேலே அந்தக் கம்பு. கம்பெனி மேற்கே இருக்கிறது, நாங்கள் எல்லாரும் கிழக்கே போகிறோம். கம்பெனிக்கு நேரமாகிவிட்டதே என்று ஒருத்திகூடச் சொல்லவில்லை. பனைமரக் கூட்டம் தாண்டியது. ஒரு கல்லில் தடுக்கி ஆடினார், நாங்கள் எல்லாரும் இரண்டடி முன்னால் பாய்ந்து நின்றோம். சமாளித்துக்கொண்டு மறுபடி நடந்தார்.

பாலத்துக்கு வந்ததும் நின்றார். கம்பைச் சாய்த்து வைக்கப் போனவர் மாதிரி வலது கையை நீட்டினார். கையில் ஒன்றுமில்லை. கையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், மெதுவாகத் திரும்பினார். அங்கே நாங்கள் எல்லாரும் திருட்டுப் பிள்ளைகள் மாதிரி நிற்கிறோம்.

"என் கம்பை எடுத்தது யாரு?"

"நாங்க எடுக்கலை சார், நீங்கதான் போட்டுட்டு வந்தீக. பம்புசெட்டு வளைவுல" என்றாள் வெற்றிலை அக்கா.

அவர் வந்த பாதையை ஒரு தரம் பார்த்தார். நாலு பர்லாங்கு. பாலத்துக் கட்டையில் பொத்தென்று உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். சிரிக்கிறார்! அப்புறம் நிஜமாகவே அழுதார். நானும் அழுதேன். பெண்கள் எல்லாரும் முந்தானையால் மூக்கைத் துடைத்தார்கள். பிளாஸ்கில் இருந்த காப்பியை அவருக்கு ஊற்றினேன். அவர் முதல் டம்ளரை வண்டிக்காரரிடம் நீட்டினார், இரண்டாவதை வெற்றிலை அக்காவிடம். அவருக்கு மிஞ்சியது அடியில் கிடந்த மண்டிதான். அதையும் விடவில்லை.

அன்றைக்கு நான் அவர்கள் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டேன். "அடப் போங்கம்மா, முன்னாலயே சொல்லியிருந்தா நாங்க ஏன் வண்டியில ஏத்துறோம்?" என்று சிரித்துவிட்டுக் கம்பெனியைப் பார்த்து ஓடினார்கள்.

அதோடு எல்லாம் தலைகீழாக மாறிப்போயிற்று. நான் ஒருத்தி போலீஸ் வேலை பார்த்த இடத்தில் பதினைந்து போலீஸ். அடுத்த சனிக்கிழமை அவர் சும்மா விளையாட்டுக்கு வண்டிப் பக்கம் கண்ணை ஓட்டினார். வண்டிக்காரர் உடனே, "இன்னைக்கு லோடு ஜாஸ்தி சார், ஒரு எலி உக்காரக்கூட எடமில்லை" என்றார். தூக்குச்சட்டிப் பக்கம் பார்த்தால் வெற்றிலை அக்கா முந்தானையால் மூடிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு, வண்டியும் வராது. வீட்டில் படுத்துத் தூங்க வேண்டியவர்கள், நாங்கள் ஆராதனை முடிந்து வந்த பிறகு சாயங்காலம் ஐந்தாறு பேராக வீட்டு வாசலில் வந்து நின்று, "சாரு கெளம்பிட்டாரா?" என்று கேட்டார்கள். ஓய்வுநாள் பேச்சு அத்தோடு போயிற்று.

கடைசிச் சனிக்கிழமை ஒரு மைல் முழுசாக. ஆமத்தூர் ரோட்டு முக்கில் ஒரு பாய் காப்பிக்கடை வைத்திருந்தார். அவர் கடைக் காப்பியைப் பற்றி வட்டாரமே பேசும். பிளாஸ்கை வீட்டிலேயே வைத்துவிட்டேன். முன்னால் போகவுமில்லை, அவருக்குப் பக்கத்திலேயே நடந்தேன். பம்புசெட்டு தாண்டியதும் அவருக்குக் கால் தளர்ந்துவிட்டது. நின்றுவிட்டார். இன்னும் இரண்டு பர்லாங்கு இருக்கிறது. என்ன சொல்லியும் கால் எழவில்லை. முகத்தில் அந்தப் பழைய பயம்.

அப்போது வெற்றிலை அக்கா, "சார், எங்களுக்கு டிரில் சொல்லிக் குடுங்களேன். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத கழுதைக நாங்க. எங்களையும் ஒரு நாளு லெப்டு ரைட்டு நடக்க வையுங்க" என்றாள். விளையாட்டுக்குச் சொன்னாளா, தெரிந்தே சொன்னாளா, எனக்கு இன்றுவரை தெரியாது.

அவர் முதுகு நிமிர்ந்தது. அந்தக் குரலை நான் நாலு மாதமாகக் கேட்கவில்லை. "ரெண்டு வரிசை! இடைவெளி விட்டு நில்லுங்க! அங்கன என்ன பேச்சு?" பதினாலு பெண்களும் தூக்குச்சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். "லெப்ட்... ரைட்... லெப்ட்..." ஒருத்திக்கு இடது எது வலது எது என்று தெரியவில்லை. வளையல் போட்ட கைதான் இடது என்று சொல்லிக் கொடுத்தார், அவள் இரண்டு கையிலும் வளையல் போட்டிருந்தாள். சிரிப்பில் வரிசை கலைந்தது. அதட்டிச் சரிசெய்தார். அதட்டிக்கொண்டே முன்னால் நடந்தார்.

ரோட்டு முக்கில் பாய் தூரத்திலேயே எங்களைப் பார்த்துவிட்டு, கம்பெனிப் பெண்கள் ஸ்டிரைக் பண்ணி ஊர்வலம் வருகிறார்கள் என்று நினைத்து, பதறிப்போய்க் கடைப் பலகையை எடுத்து மூடத் தொடங்கிவிட்டார். "பாய், மூடாதீக! காப்பி குடிக்கத்தான் வாரோம்!" என்று எல்லாரும் ஒரே குரலில் கத்தினோம். அன்றைக்கு அந்தக் கடையில் குடித்த காப்பிக்கு ஈடாக நான் இதுவரைக்கும் எங்கேயும் குடித்ததில்லை. நான் வறுத்து அரைத்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. நான் லீவு போட்டுவிட்டுக் கோயில் வாசலில் போட்டிருந்த சின்ன மேடையோரம், தாளாளர் ஐயாவுக்குப் பக்கத்தில் நின்றேன். பேண்டு சத்தம் முதலில் கேட்டது. பிறகு தெருமுனையில் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. என் வீட்டுக்காரர்! கம்பு கிடையாது. வலது கால் கொஞ்சம் இழுத்தது, ஆனால் பின்னால் வந்த அறுநூறு பையன்களும் அந்தத் தாளத்துக்கே அடி வைத்தார்கள். நான் அழக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன், பிரயோஜனமில்லை.

கோயிலுக்கு நூறு அடி முன்னால், தெருவின் வலது பக்கத்தில், வேப்பமரத்தடியில் ஒரு கூட்டம் நின்றது. பதினாலு பேர், கம்பெனிக்குப் போகாமல், அரை நாள் கூலியை விட்டுவிட்டு. பக்கத்தில் வண்டிக்காரர், தலைத்துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு. வரிசை அவர்களுக்கு நேராக வந்தது. பெரிய மனிதர்கள் மேடையில் நிற்கும்போது மட்டும் கொடுக்கிற அந்த மரியாதை உத்தரவை, என் வீட்டுக்காரர் தெருவே அதிரும்படி கொடுத்தார்.

"ஐஸ்... ரைட்!"

அறுநூறு தலைகளும் ஒரே நேரத்தில் வலது பக்கம் திரும்பின. அவர் கை நெற்றிக்குப் போயிற்று. வெற்றிலை அக்கா என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கையையும் கூப்பிவிட்டாள்.

தாளாளர் ஐயா குழம்பிப்போய் என்னிடம் கேட்டார், "மேடை இங்கன இருக்கு, மாஸ்டர் அங்கன யாருக்கு சல்யூட் அடிக்கிறாரு?"

"அவுகளுக்கு நடக்கச் சொல்லிக் குடுத்த மாஸ்டர்மாருக்கு, ஐயா" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் பதினெட்டு வருஷம் அந்த மைதானத்தில் விசில் ஊதிவிட்டுத்தான் ஓய்வு பெற்றார். எங்களுக்கும் மற்றவர்களைப் போலவே எத்தனையோ கஷ்டங்கள் வந்தன, போயின. கதவைச் சாத்திக்கொண்டு மறைக்கத் தோன்றும்போதெல்லாம், அந்தப் புழுதியில் உட்கார்ந்து நான் வாய்விட்டுச் சொன்ன நிமிஷத்திலிருந்துதான் அவர் நடக்க ஆரம்பித்தார் என்பதை நினைத்துக்கொண்டு, வெட்கத்தை ஒரு பக்கம் தூக்கிப் போட்டுவிட்டு அக்கம்பக்கத்தில் போய்ச் சொல்லிவிடுகிறேன்.